உச்சி வெயிலில் ஒரு மேடு

கல்யாணமான இத்தனை வருஷத்தில் மணிமொழிக்கும் அவள் புருஷனுக்கும் பெரிய சண்டை என்று ஒன்று வந்ததில்லை. சின்னச் சண்டைக்குக் குறைவில்லை. அதெல்லாம் சாதம் போடும்போது ஆரம்பித்து மோர் ஊற்றுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த ஐப்பசியில் வந்தது வேறு மாதிரி. யாரும் குரலை உயர்த்தவில்லை, யாரும் யாரையும் ஒரு வார்த்தை திட்டவுமில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் புதிதாக மனை பிரித்த இடத்தில் அவர்கள் வீடு. மணிமொழி ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். சகாதேவன் பொரி போடுகிறவன். பொரி போடுகிறவன் என்றதும் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகப் போகிற ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குக் கிழக்கே நாலு காலி மனை தாண்டி அவனுக்குச் சொந்தமாகக் கொட்டகை இருந்தது. அங்கே உமியை எரித்து, மணலைக் காயவைத்து, உப்புநீர் தெளித்த அரிசியைப் போட்டால் படபடவென்று பூத்துக் கொட்டும். ஆயுதபூஜையும் கார்த்திகை தீபமும்தான் அவனுக்கு விளைச்சல் காலம். மற்ற மாதங்களில் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருப்பதாக அவனே சொல்வான்.

பி.காம். படித்தவன், பேங்க் பரீட்சை எழுதாமல் அப்பாவின் அடுப்பில் போய் உட்கார்ந்தானே என்று சொந்தக்காரர்கள் ஆரம்பத்தில் அங்கலாய்த்தார்கள். டீச்சர் பெண்ணுக்குப் பொரிக்காரனா என்று இன்னொரு பக்கம் முணுமுணுப்பு. இரண்டு பேரும் அதைக் காதில் வாங்கியதே இல்லை. சாயங்காலம் அவன் உப்பு வாசனையோடு வருவான், அவள் சாக்பீஸ் தூளோடு வருவாள், இருவரும் சேர்ந்து காபி குடிப்பார்கள். சுகமான குடித்தனம்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி வந்தது. மணிமொழியோடு எம்.எஸ்ஸி. படித்த இனியா அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறாள். திருவண்ணாமலை மாதிரி மலையடி ஊர்களில் காற்றை அளந்து பார்க்க வேண்டும், உன் மாடியில் ஆறேழு மாசம் வைத்துக்கொள்வாயா என்று கேட்டு அனுப்பியிருந்தாள். அதன் பெயர் சூரிய ஒளிமானி. சகாதேவன் வாயில் அது சூரியப் பொட்டி ஆகிவிட்டது.

டிபன் கேரியர் அளவில் இருந்த அந்தப் பெட்டிக்கு முன்பக்கம் சின்னதாக ஒரு கண்ணாடி, அடியில் அதைத் திருப்ப ஒரு மோட்டார். காலையில் சூரியன் எழுந்ததும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பும். சாயங்காலம் அது மலைக்குப் பின்னால் இறங்கும் வரை கண் எடுக்காது. நீல வெளிச்சம் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு என்று தனித்தனியாக அளக்கும். காற்றுக்கு மேலே வெயில் எவ்வளவு இருக்கும் என்பது அதற்கு முன்கூட்டியே தெரியும். கீழே வந்து சேர்ந்தது எவ்வளவு என்று பார்த்து, வழியில் காணாமல் போனதைக் காற்றின் கணக்கில் எழுதும். மணிமொழி தினமும் அதைக் கம்ப்யூட்டரில் இறக்கிக் கோடாக வரைந்து பார்ப்பாள். கோடு தாழ்ந்திருந்தால் காற்று சுத்தம், ஏறினால் தூசியோ புகையோ கலந்திருக்கிறது என்று பொருள்.

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து யாரோ என்றைக்கோ செய்து முடித்த பரிசோதனைகளைத்தான் அவள் நடத்திக்கொண்டிருந்தாள். விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும். பெண்கள் தப்பாகச் செய்தாலும் விடையைப் பார்த்துச் சரியாக எழுதிவிடுவார்கள். இந்தப் பெட்டியின் விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அவள் மாடிப்படியை ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்கினாள் என்பது முழங்காலுக்குத்தான் தெரியும்.

ஆயுதபூஜை வந்தது. சகாதேவனுக்கு அந்த வருஷம் இரட்டைச் சந்தோஷம், ஏனென்றால் கொட்டகையில் புது அடுப்பு. வெல்டிங் இளவரசன் இரண்டு மாதமாக உட்கார்ந்து கட்டிக்கொடுத்தது. பழையதைவிட இரண்டு மடங்கு பெரியது. சகாதேவன் அதை வாங்கியவன் போல நடந்துகொள்ளவில்லை, பெற்றவன் போல நடந்துகொண்டான். இரும்பில் குங்குமம் நிற்காது என்று நல்லெண்ணெயில் குழைத்து, அடுப்புக்கு, மணல் சட்டிக்கு, தராசுக்கு, வண்டிக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்தான். தட்டில் மிச்சம் இருந்தது. வீட்டுக்கு வந்தான். மணிமொழி அடுக்களையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அவன் நேரே மாடிக்குப் போய்விட்டு இறங்கி வந்து, அவளுடைய பொழப்புக்கும் பொட்டு வைத்தாயிற்று என்றான்.

சாயங்காலம் அவள் மேலே போய்ப் பார்த்தாள். பெட்டியின் கண்ணாடி மேலேயே, நட்டநடுவில், காசு அகலத்துக்குச் செக்கச் செவேலென்று பொட்டு. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கல்லூரியில் ஒருத்தர்கூட அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று கேட்டதில்லை. இந்த மனுஷன் அதை ஆயுதம் என்று மதித்துப் பூஜை போட்டிருக்கிறான். முந்தானையால் கண்ணாடியை நன்றாகத் துடைத்தாள், வாயால் ஊதி இன்னொரு முறை துடைத்தாள். பளிச்சென்று ஆனது. கீழே வந்து அவனுக்கு ஒரு கரண்டி சுண்டல் ஜாஸ்தியாக வைத்தாள்.

கண்ணாடியில் துணி படவே கூடாது, கறை பட்டால் கூடவே அனுப்பியிருக்கும் திரவத்தைத் தொட்டுத் தனிக் காகிதத்தால்தான் துடைக்க வேண்டும் என்று இனியா பெட்டியை அனுப்பும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மூக்குக் கண்ணாடி போடுகிற எல்லோருக்கும் இந்த உபதேசம் நடந்திருக்கிறது. எல்லோரும் முந்தானையால்தான் துடைக்கிறார்கள்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து கோடு மாறியது. காலையில் சாதுவாக இருக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறி, உச்சிவேளையில் ஒரு மேடாக நிற்கும். பிறகு சாயங்காலத்துக்குள் மெல்ல இறங்கிவிடும். மறுநாளும் மேடு, அதற்கு மறுநாளும் மேடு. மழை பிந்திய வருஷம், வானம் வெளுப்பாகத்தான் இருந்தது, ஆகையால் அவள் சந்தேகப்படவில்லை. நீலத்தையும் சிவப்பையும் பிரித்துப் பார்த்தாள். சிவப்பைவிட நீலம்தான் அதிகமாகக் காணாமல் போயிருந்தது. அது புகையின் குணம். தூசி என்றால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி தின்னும். மெல்லிய புகை நீலத்தைத்தான் தேடிப் பிடித்துத் தின்னும்.

அவள் உடனே இனியாவுக்குப் போன் போட்டாள். பூஜைக்கு மறுநாளிலிருந்து ஊரின் காற்றில் புதுப் புகை, அதுவும் நாள் தவறாமல் உச்சியில் என்று சொன்னதும் அந்தப் பக்கத்தில் இனியாவும் குதித்தாள். இது சின்ன விஷயமில்லை, எழுது என்றாள். தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால் வேங்கிக்காலில் ஊர்க் காற்றைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடப்பதாக இருந்தது. மணிமொழி அதில் பேசுவதாகப் பெயர் கொடுத்தாள். தன் பெயரில், தானே கண்டுபிடித்த ஒன்று. இரண்டு நாள் அவள் கால் தரையில் படவில்லை.

மூன்றாம் நாள் காலை, மாடியில் நின்று, புதிதாக எங்கே புகைகிறது என்று சுற்றிப் பார்த்தாள். தெற்கே ஊர், கோபுரங்கள். அந்தப் பக்கம் புதிதாக ஒன்றுமில்லை. மேற்கே மலை. வடக்கே வயல். கிழக்கே திரும்பினாள். நாலு காலி மனை தாண்டி, பூஜையன்று பற்றவைத்த புது அடுப்பின் புகைபோக்கி நிதானமாகப் புகைந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் மூட்டி, மதியம் வரை உமி போட்டு, பிறகு அணைத்துவிடுவார்கள். கோட்டின் மேடும் அப்படியேதான் ஏறி இறங்கியது. மணிமொழி அங்கேயே தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் அவள் பட்டது சொல்லி முடியாது. சொன்னால் அவன் அடுப்பு போகும். சொல்லாவிட்டால், தெரிந்தே மறைத்த டீச்சர் ஆவாள். அடுப்பின் பெயரை விட்டுவிட்டு மொத்தமாக ஊர்ப் புகை என்று பேசிவிடலாமா என்றுகூட யோசித்தாள். யோசித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. அவனோ ஒன்றும் அறியாமல் புது அடுப்பின் பெருமையைப் பேசிக்கொண்டே வருவான். கார்த்திகைக்கு எந்தெந்த ஊரிலிருந்து பொரி கேட்டிருக்கிறார்கள் என்று சொல்வான். அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் சொல்லிவிட்டாள்.

"மேட்டுக்குக் காரணம் நம்ம புது அடுப்பு தாங்க."

அவன் கை நின்றது. அவள் கோட்டைக் காட்டினாள், நீலத்தையும் சிவப்பையும் விளக்கினாள், நாளையும் நேரத்தையும் பொருத்திக் காட்டினாள். வகுப்பில்கூட இத்தனை நன்றாக அவள் நடத்தியதில்லை. அவன் கடைசி வரை கேட்டான்.

"உன் பொட்டி தப்பா சொல்லாதா?"

"சொல்லாதுங்க."

அவன் மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான். மோர் கேட்கவில்லை.

"அப்போ நிறுத்திடறேன், மணி. ஊரு பூரா இழுக்கற மூச்சு. அதுல போயி என் பொகய உடக்கூடாது."

உடனே நிறுத்த வேண்டாம், உமியைக் குறைத்துப் பார்க்கலாம், வேறு ஏதாவது வழி இருக்கும் என்று அவள் என்னென்னவோ சொன்னாள். அவன் கோபமாக இருந்தால் சமாளித்திருப்பாள். அவன் கோபப்படவில்லை, அவளை நம்பினான். திங்கட்கிழமை காலை அடுப்பு மூட்டவில்லை.

வேலை இல்லாத சகாதேவனை அவள் அதுவரை பார்த்ததில்லை. குழாய்க்கு வாஷர் மாற்றினான். மின்விசிறிகளைக் கழற்றித் துடைத்தான். அவள் கேட்காமலேயே பரணைச் சுத்தம் செய்தான். எதைக் கேட்டாலும் நல்லபடியாகப் பதில் சொன்னான், ஆனால் தானாக ஒன்றும் பேசவில்லை. வீடு பளபளவென்று ஆனது. அவளுக்கு அந்த வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை.

கொட்டகையில் மணல் தள்ளும் கன்னியம்மாள் சாயங்காலம் வந்து வாசல் கேட் அருகே நின்றாள். சகாதேவனின் அப்பா காலத்திலிருந்து வேலை செய்கிறவள். அவளுக்கு மணிமொழி டீச்சரம்மா, சகாதேவன் தம்பி. கார்த்திகை நெருங்குகிற நேரத்தில் அடுப்பை அணைத்தால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். மணிமொழி புகையைப் பற்றிச் சொன்னாள். கன்னியம்மாள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "தம்பி மூஞ்சிய பாக்க முடியல டீச்சரம்மா, எனக்கு அது தான் தெரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மணிமொழி கோட்டை இறக்கிப் பார்த்தாள். அடுப்பு எரியவில்லை, மேடு அப்படியே இருக்கிறது. முந்தின நாளுக்கும் அதே மேடு. பழைய புகை காற்றில் இன்னும் தங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் மனசு ஒப்பவில்லை.

அன்று ராத்திரி மழை கொட்டியது. பிந்தியதற்கெல்லாம் சேர்த்துப் பெய்தது. புதன்கிழமை விடிந்ததும் மாடிக்குப் போனவள் மலையைப் பார்த்து நின்றுவிட்டாள். பாறை பாறையாக, புதர் புதராக, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் நின்றது மலை. வானம் அத்தனை நீலம். காற்றில் தூசியும் இல்லை, புகையும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? கல்லூரிக்கு லீவு சொன்னாள். மாடியிலேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பெட்டி அளக்க அளக்கக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. கோடும் ஏறியது. கழுவித் துடைத்த வானத்தில் மேடு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் வெயில் சாய்வாக, நீளமான காற்றைக் கடந்து வருகிறது. உச்சியில் நேராக, குறைந்த காற்றைக் கடந்து வருகிறது. களவு காற்றில் நடந்தால் கடந்த காற்றுக்குத் தக்கபடி இருக்கும். களவு பெட்டியின் வாசலிலேயே நடந்தால்? எப்போதும் ஒரே அளவுதான் போகும். ஆனால் பாவம், கணக்கு போடுகிற பெட்டிக்கு அது தெரியாது. தொலைந்ததையெல்லாம் காற்றின் தலையிலேயே கட்டும். காலையில் நிறைய காற்று, பழி பிரிந்து பிரிந்து சின்னதாகத் தெரியும். உச்சியில் கொஞ்சம் காற்று, அதே பழி பெரிதாகத் தெரியும். மேடு புகையில் இல்லை. மேடு கண்ணாடியில் இருக்கிறது.

எழுந்துபோய்க் கண்ணாடியைப் பார்த்தாள். நேராகப் பார்த்தால் சுத்தம். தலையைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பார்த்தாள். மெல்லிய ரோஜா நிறத்தில், எண்ணெய்ப் பூச்சு. முந்தானை போய் வந்த வட்ட வட்டமான தடம்கூடத் தெரிந்தது. தனிக் காகிதத்தைத் திரவத்தில் நனைத்து ஒற்றி எடுத்தாள். காகிதம் சிவந்தது. நீலத்தைத் தின்றது குங்குமம்.

அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். இத்தனை வருஷம் பெண்களுக்கு, கருவியை முதலில் சந்தேகப்படு, அப்புறம் உலகத்தைச் சந்தேகப்படு என்று சொல்லிக்கொடுத்தவள் அவள். அடுத்து வந்தது, வெட்கத்தையும் தள்ளிக்கொண்டு, சந்தோஷம். அடுப்பு தப்பித்தது. உடனே சொல்ல வேண்டும் என்று கீழே ஓடினாள். வீட்டில் அவன் இல்லை. போன் மேசை மேலேயே கிடந்தது.

வாசலுக்கு வந்தபோது கொட்டகைப் பக்கம் இளவரசனின் வண்டி நிற்பது தெரிந்தது. பின்னால் காஸ் சிலிண்டர். சிலிண்டர் எதற்கு என்று அவளுக்குப் புரிய ஒரு கணம்தான் ஆனது. புது அடுப்பை வெட்டி எடுத்துவிடச் சொல்லிவிட்டான். இருந்தால் மூட்டச் சொல்லும், கண்ணெதிரே வேண்டாம் என்று முடிவு கட்டியிருக்கிறான். அந்த மனுஷன் அப்படித்தான், ஒன்றை விட்டால் முழுதாக விடுவான். மணிமொழி செருப்பைத் தேடவில்லை. மழையில் ஊறிய காலி மனைகளில் சேறு தெறிக்க ஓடினாள்.

கொட்டகைக்குள் இளவரசன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு நின்றிருந்தான். தானே கட்டியதைத் தானே வெட்ட அவனுக்கு மனசில்லை, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று இல்லாத சந்தேகமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். கன்னியம்மாள் மூட்டைமேல் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தாள். சகாதேவன் அடுப்பின் இரும்பில் கை வைத்தபடி நின்றான்.

"வெட்டாதீங்க," என்றாள் மணிமொழி. மூச்சு வாங்கியது. "அடுப்பு மேல தப்பு இல்ல. பொட்டி தப்பா சொல்லிச்சு. தப்பு என் மேலங்க."

பொட்டைச் சொன்னாள், எண்ணெய்க் குங்குமத்தைச் சொன்னாள், துடைக்கக்கூடாத துணியால் தான் துடைத்ததைச் சொன்னாள். சேற்றுக் காலோடு, மூன்று பேர் முன்னால், ஒன்று விடாமல் சொன்னாள். சகாதேவன் அவளைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், அதில் இன்னும் அழியாமல் இருந்த பொட்டைப் பார்த்தான்.

கன்னியம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"ஏன் தம்பி, நெத்தின்னு நெனச்சிகினு கண்ணுல பொட்டு வெச்சா, அது எப்டி பாக்கும்?"

இளவரசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்துப் புரையேறியது. அதைப் பார்த்து சகாதேவன் சிரித்தான். மூன்று நாளாக உள்ளே கட்டிவைத்ததெல்லாம் சேர்ந்து வெளியே வந்த சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். மணிமொழி அழுதுவிட்டாள். அவன் கிட்டே வந்து, தன் அடுப்புக்குத் தானே பொட்டு வைத்து, தன் அடுப்புக்கே தானே உலை வைத்தவன் தான் ஒருத்தனாகத்தான் இருக்க முடியும் என்றான். இளவரசன் சிலிண்டரை வண்டியில் ஏற்றினான். ஏற்றும்போது பாட்டு முணுமுணுத்தான். அன்று மத்தியானமே அடுப்பு மூட்டப்பட்டது. சாயங்காலம் சகாதேவன் இரண்டு தம்ளர் மோர் குடித்தான்.

கதை இங்கே நின்றிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மணிமொழி கணக்கை விடவில்லை. கண்ணாடி எவ்வளவு திருடியது என்று இப்போது தெரியும். மழைக்குப் பின் வந்த அந்தத் தெளிந்த நாளை வைத்தே அதைக் கணக்கிட்டுவிட்டாள். பூஜையிலிருந்து சேர்ந்த எல்லா நாளிலும் அந்தத் திருட்டைத் திருப்பிச் சேர்த்து, கோட்டை மறுபடி வரைந்தாள். உச்சி மேடு இருந்த இடம் தெரியாமல் தட்டையானது. அவள் பெருமூச்சு விட்டுக் கம்ப்யூட்டரை மூடப் போனாள். அப்போது கண்ணில் பட்டது, கோட்டின் தொடக்கத்தில், விடிந்து கொஞ்ச நேரத்துக்குள், சின்னதாக ஒரு திமில். பழைய மேட்டின் நிழலில் அது இத்தனை நாளும் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஒவ்வொரு நாளாகப் பார்த்தாள். அடுப்பு மூட்டிய நாளெல்லாம் திமில் இருந்தது. அணைந்திருந்த நாட்களில் மட்டும் இல்லை. விடியற்காலையில் சூரியன் தாழ இருக்கும்போது வெயில் கொட்டகைக்கு மேலாகத்தான் மாடிக்கு வருகிறது. குளிர்ந்த காற்றில் புகை மேலே ஏறாமல் படிந்து கிடக்கிறது. வெயில் உறைத்ததும் கலைந்துவிடுகிறது. இந்தத் தடவை அவள் கண்ணாடியை மூன்று முறை பார்த்தாள். கண்ணாடி சுத்தம்.

இரண்டாவது தடவையாக அவனிடம் போய் எப்படிச் சொல்வது என்று அவளுக்குப் புரியவில்லை. ஒரு தடவை தப்பாகச் சொல்லி அவனை மூன்று நாள் வதைத்தாயிற்று. இப்போது சரியாகச் சொன்னாலும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அவன் நம்பாமல் போனாலும் குற்றம் சொல்ல முடியாது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இனியாவே கண்டுபிடித்தாலும், சின்னத் திமில்தானே, விடு என்பாள்.

காபி ஆற்றிக்கொண்டிருந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா, இன்னொரு பொட்டா?"

அவள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். அவன் காபியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். எங்கே தன் புகை தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரலால் கோட்டின் மேல் ஓட்டிக் கேட்டான். அவள் காட்டினாள்.

"கம்மியா தான் இருக்கு," என்றாள். "ஆனா இருக்குங்க."

கண்ணாடியைத் துடைத்தாயா என்று கேட்பான், பெட்டியைத் திருப்பி அனுப்பு என்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் கேட்டது, இது எதனால் என்று. ஈர உமியாக இருக்கும் என்றாள். மூட்டும்போது ஈர உமியைப் போட்டால் நெருப்பு பிடிக்கும் வரை புகையத்தான் செய்யும் என்று அவனுக்கே தெரியும். வெளியே கிடந்து பனியில் நனைந்த உமியைக் காயவைக்கச் சோம்பல், அவ்வளவுதான். புகைபோக்கியையும் இன்னும் ஒரு ஆள் உயரம் தூக்கலாம் என்று இளவரசன் முதலிலேயே சொல்லியிருந்தானாம்.

"இத்த சொல்லப் போறியா கூட்டத்துல?"

"வேணாம்னா சொல்லலங்க."

"இருக்கறத சொல்லிடு," என்றான் அவன். காபியை எடுத்துக் குடித்துவிட்டு, உமி மூட்டைகளைக் கூரைக்கு அடியில் மாற்றக் கிளம்பிவிட்டான்.

கருத்தரங்கில் மணிமொழிக்குக் கொடுத்த நேரம் கொஞ்சம்தான். அவள் இரண்டு கோடுகளையும் காட்டினாள். முதல் கோட்டைக் காட்டி, பொட்டுக் கதையைச் சொன்னபோது அரங்கம் சிரித்தது. மற்ற கல்லூரி ஆட்கள் தங்கள் கருவிகளுக்கும் ஆயுதபூஜை நடந்ததை நினைத்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரின் காற்று பூஜைக்குப் பின் கெடவில்லை என்றாள். பிறகு இரண்டாவது கோட்டின் திமிலைக் காட்டி, உமி எரிக்கும் ஓர் அடுப்பின் புகை விடியற்காலையில் எப்படிப் படிகிறது என்று விளக்கினாள். மேடையில் இருந்த அதிகாரி நல்ல மனுஷர், உண்மையான ஆர்வத்தோடுதான் கேட்டார், அந்த அடுப்பு யாருடையது என்று தெரியுமா என்று.

மணிமொழி மைக்கைப் பிடித்தபடி நின்றாள். தெரியும் என்று மட்டும் சொல்வதா, பெயரையும் சொல்வதா என்று தடுமாறினாள். கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் சகாதேவன் எழுந்து நின்றான். வருவதாக அவன் சொல்லவே இல்லை.

"என்னுதுங்க," என்றான், அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "இப்ப உமிய காய வெச்சுத்தான் போடறோம். பொகபோக்கிய ஒசத்தியாச்சு. மேடம் மறுபடி அளந்து பாத்துச் சொல்லட்டும்."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. சரியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் கைதட்டலோடு முடிந்துவிடும். அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அந்த வார்த்தைக்காக நிற்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"இன்னைக்குக் காலைல அளந்தேன்," என்றாள் மணிமொழி. "பாதிக்கு மேல கொறஞ்சிருக்கு. இன்னும் கொஞ்சம் இருக்கு."

சகாதேவன் சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான்.